வாசகர் கேள்வி – பதில்: நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரைத் தேடுதல்

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி முனுசாமி, குடியாத்தம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர், ஊர் திரும்பவில்லை. போன ஆண்டு தெரியவில்லை. அவர் வழியினரைக் கண்டறிய இயலுமா? – வாசகர், வேலூர்

பதில்: இயலும், ஆனால், பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடினால் வேறொரு குடும்பத்துக்கு உறவாகிவிடுவீர்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' கப்பல் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரை, 1866க்கும் 1874க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் நீங்கலாக, 1,52,184 பேர் ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலில் இறங்கினர். அவர்களுள் முனுசாமிகளுக்கா பஞ்சம்?

ஒவ்வொருவருக்கும் 'காலனி எண்' ஒன்று கொடுக்கப்பட்டது. கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு, வேலை கொடுத்தவர் பெயர் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். எழுத்தர் தம் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியதால், முனுசாமி 'மூனசாமி'யாகவும் 'மோனிசாமி'யாகவும் இருக்கக்கூடும். குடியாத்தத்தையும் ஒரே எழுத்துக்கூட்டலில் எதிர்பார்க்க வேண்டாம். ஆகவே தந்தை பெயர், கிராமம், வயது ஆகிய மூன்றும் ஒத்துவந்தாலொழிய அவரை உங்களவர் என்று முடிவுகட்டாதீர்கள். ஜில்லாக் கட்டத்தில் வட ஆர்க்காடு என்றிருக்க வேண்டும். சித்தூர் 1911இல்தான் தனி மாவட்டமாயிற்று என்பதால், அதே ஜில்லாவின் பெயரில் இன்றைய ஆந்திரக் கிராமங்களும் கலந்து வரும்.

ஆளைக் கண்டதும் குறிப்புக் கட்டத்தைப் படியுங்கள். இறந்ததோ, தாயகம் திரும்பியதோ அங்கே பதிவாகியிருந்தால் பல மாத அலைச்சல் மிச்சம். (தாயகம் திரும்பக் கப்பலேறியவர் எல்லோரும் சொந்த ஊருக்கே போய்விடவில்லை, சென்னையில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டவரும் உண்டு.) அவர் நேட்டாலிலேயே தங்கியிருந்தால், காலனி எண்ணைக் கொண்டு திருமணப் பதிவையும், பெற்றோரின் எண் குறிக்கப்பட்ட பிள்ளைகளின் பிறப்புப் பதிவையும் தேடலாம். அதன் பின்னர், இறந்தவரின் பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகியோர் பெயர்களைத் தரும் தென்னாப்பிரிக்க இறப்பு அறிவிப்புகள், தலைமுறை தலைமுறையாக உங்களை முன்னே கூட்டிச் செல்லும். கப்பல் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இங்கே ஊரில் பழைய நிலப் பதிவேடுகளைப் புரட்டுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. நிலமில்லாமல் கப்பலேறியவரின் பெயர் அதில் எப்படி இருக்கும்?

கேள்வி: டர்பனில் 'கோவெண்டர்' என்ற குடும்பப் பெயருடையவர்கள் எல்லோரும் கவுண்டர்கள்தாமா? – அதே வாசகர்

பதில்: சொல் கவுண்டரிலிருந்து வந்ததுதான், 'மூட்லி' முதலியிலிருந்து வந்ததைப் போல. ஆயினும், அங்கே சென்ற பிறகு இத்தகைய பட்டங்களைச் சூட்டிக்கொண்டவர்களும் உண்டு என்பதால், இன்றைய குடும்பப் பெயரைவிடப் பதிவேட்டின் சாதிக் கட்டத்தையே ஆதாரமாகக் கொள்ளுங்கள். நீங்கள் சந்திக்கும் குடும்பத்தினர் தங்கள் குலதெய்வத்தின் பெயரை நினைவில் வைத்திருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தர் சிதைத்த கிராமத்தின் பெயரை அடையாளம் காண அது உதவக்கூடும்.