ரிஸ்பாள் என்ற பெயரின் பொருள் என்ன? பெண் குழந்தைக்கு வைக்கலாமா?

வேதாகமத்தில் வரும் ரிஸ்பாள் என்ற பெயருக்கு என்ன பொருள் என்றும், மகளுக்கு அதைச் சூட்ட நினைக்கும்போது வீட்டுப் பெரியவர்கள் அது துக்கப் பெயர் என்று தடுக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 52 ஆண்டுகளாக அந்தப் பெயரைச் சுமந்து வருகிறவள் நான் என்பதால், இதற்குப் பதில் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.

எபிரேயத்தில் அது 'ரிட்ஸ்பா'. சாரா சாராள் ஆனதைப் போலவும் உல்தா உல்தாள் ஆனதைப் போலவும், கடைசி 'ள்' நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்தது. பொருள் கங்கு, அதாவது சுடர் அடங்கிய பின்னும் சூடு அடங்காமல் செக்கச் சிவந்து கிடக்கும் நெருப்புத்தழல். ஏசாயா 6ஆம் அதிகாரத்தில் சேராபீன் என்ற தேவதூதன் பலிபீடத்திலிருந்து குறட்டால் எடுத்து வந்து தீர்க்கதரிசியின் வாயைத் தொடுகிறானே, அந்தத் தழலுக்கு மூலத்தில் இருப்பது இதே சொல்தான். சூரைச்செடியின் கீழ் படுத்திருந்த எலியா தீர்க்கதரிசியின் தலைமாட்டில் 'தழலில் சுடப்பட்ட அடை' இருந்ததாகப் படிக்கிறோம். அந்தத் தழலும் இந்தச் சொல்லின் உறவுதான். இதே எழுத்துகளுக்குத் தளவரிசை என்ற பொருளும் உண்டு. இன்றைய எபிரேயத்தில் வீட்டுத் தரையை 'ரிட்ஸ்பா' என்றே சொல்கிறார்கள். நான் வாங்கிய ஒரு பெயர்ப் புத்தகத்தில் 'படுக்கை, தரை' என்று போட்டுவிட்டுக் கங்கை விட்டுவிட்டார்கள். பெற்றோர் நம்பி வாங்கும் புத்தகத்தில் ஒரு பிள்ளையின் பெயரை இவ்வளவு அலட்சியமாக அச்சிடுவது எனக்கு இன்றுவரை வருத்தமளிக்கிறது.

எனக்கு 14 வயதில், சபையில் முழு உறுப்பினராகும் முன் படிக்கும் திடப்படுத்தல் வகுப்பு நடந்தது. பாடம் எடுத்தவர் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்து, என் முறை வந்தபோது, "சவுலின் மறுமனையாட்டி, அப்னேர் விஷயத்தில் பேர் கெட்டவள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டார். 2 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுல் இறந்த பின், அவன் மகன் இஸ்போசேத், படைத்தலைவன் அப்னேர் அவளோடு சேர்ந்தான் என்று குற்றம் சாட்டுவது உண்மை. ஆனால் அப்னேர் கோபப்படுகிறானே தவிர, அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அழுத என்னை, உபதேசியாராக இருந்த என் தாத்தா பக்கத்தில் உட்காரவைத்து 21ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். முடித்ததும், "அவ வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசுனதா எழுதியிருக்கா, பாரு தாயி" என்றார். தேடிப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூட இல்லை.

நீங்கள் அந்த அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். மூன்று வருடப் பஞ்சம். இஸ்ரவேலரோடு உடன்படிக்கை செய்து வாழ்ந்த கிபியோனியரைச் சவுல் கொன்ற பழி என்று, அவனுக்குப் பின் ராஜாவான தாவீதுக்குச் சொல்லப்படுகிறது. அவர்கள் சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்கிறார்கள். ரிஸ்பாளின் இரண்டு மகன்களான அர்மோனியும் மேவிபோசேத்தும் அந்த ஏழு பேரில் அடக்கம். வாற்கோதுமை அறுப்பின் துவக்கத்தில் அவர்களை மலையின்மேல் தூக்கிப்போடுகிறார்கள். தூக்கப்பட்டவனை அன்றே அடக்கம் செய்ய வேண்டும் என்று உபாகமம் 21 சொல்லியிருந்தும் யாரும் அடக்கம் செய்யவில்லை. 10ஆம் வசனத்தில் அவள், துக்கத்துக்கு உடுத்தும் முரட்டுத் துணியான இரட்டுப்புடவையைப் பாறையின்மேல் விரித்து உட்கார்ந்து, மழை பெய்யுமட்டும், பகலில் பறவைகளும் இரவில் காட்டு மிருகங்களும் அவர்கள்மேல் விழாதபடி காத்தாள். அந்த நாட்டில் வாற்கோதுமை அறுப்பு ஏப்ரல் வாக்கில் வரும், பருவமழை அக்டோபர் வாக்கில் தொடங்கும். அது இடையில் பெய்த கோடைமழை என்று சொல்வோரும் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும், எத்தனை இரவுகள் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவள் 'ஆயாவின் குமாரத்தி'. தமிழில் வாசிக்கும் பிள்ளைகளுக்கு அது பாட்டியைக் குறிப்பதுபோல் தோன்றும். எபிரேயத்தில் ஆயா என்பது வல்லூறு. வல்லூறின் மகள் தன் பிள்ளைகளை வல்லூறுகளிடமிருந்து காத்தாள். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

தாவீதைக் குறை சொல்கிறேன் என்று சிலர் கோபப்படலாம். அது என் நோக்கமன்று. வசனங்கள் நிற்கும் வரிசையைத்தான் காட்டுகிறேன். அவள் செய்தது அறிவிக்கப்பட்ட பிறகுதான் தாவீது எழுந்து, யாபேஸ் கீலேயாத்திலிருந்து சவுல், அவன் மகன் யோனத்தான் இருவரின் எலும்புகளைக் கொண்டுவந்து, தூக்கப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்ப்பித்து, சவுலின் தகப்பன் கீசின் கல்லறையில் அடக்கம் செய்விக்கிறான். தேவன் தேசத்துக்கான வேண்டுதலைக் கேட்டருளினார் என்ற வாக்கியம் அந்த அடக்கத்துக்குப் பின்தான் வருகிறது, ஏழு பேர் செத்தவுடனே அல்ல. பாறையில் ஒரு தாய் அசையாமல் இருந்திராவிட்டால் அந்த எலும்புகளைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது என்பது என் துணிபு.

ஆகவே தாராளமாக வையுங்கள். மகளுக்கு விவரம் தெரியும் வயதில், 3ஆம் அதிகாரத்தை வேறு யாரும் சொல்லிக் கேட்பதற்கு முன்பே, நீங்களே 21ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டிவிடுங்கள்.

துக்கப் பெயரா என்று கேட்டீர்கள். தாத்தா இறந்த பிறகு அவருடைய வேதாகமம் என்னிடம் வந்தது. அதன் முன்தாளில் பேரப்பிள்ளைகளின் பெயர்களை அவர் எழுதி வைத்திருக்கிறார். என் பெயருக்கு மேலே எனக்கு முன் பிறந்த இரண்டு அண்ணன்களின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் பிறந்த தேதியும், சில வாரங்கள் தள்ளி இன்னொரு தேதியும். என் பெயருக்கு நேரே பிறந்த தேதியும், அதையடுத்து '2 சாமு. 21:10' என்பதும் மட்டும்.