தட்டைத் திருப்பிப் பாருங்கள்

(பழைய பீங்கான் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பர்மாவின் ரங்கூனில் (இன்றைய யாங்கூன்) நாற்பது வருஷம் பழைய சாமான் கடை வைத்திருந்த பெரியவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஐயா, பாட்டி விட்டுப்போன பெரிய தட்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது. நடுவில் நீல ரோஜாக் கொத்து, விளிம்பு முழுக்கக் கொடி. பின்னால் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும், ‘அயர்ன்ஸ்டோன் சைனா’, ‘இங்கிலாந்து’ என்ற எழுத்துகளும் இருக்கின்றன. இது விக்டோரியா மகாராணியின் அரண்மனைத் தட்டு என்றும், இதன் ஜோடி தன்னிடம் இருப்பதாகவும் ஒரு வியாபாரி சொல்கிறார். வாங்கலாமா?
— வாசகி, மோல்மீன்

பதில்: ஜோடியை விற்க வந்தவர் அரண்மனை என்றுதானே அம்மா சொல்வார்! அந்தச் சிங்கமும் குதிரையும் பிரிட்டிஷ் அரச சின்னம்தான். ஆனால் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருந்த பீங்கான் பட்டறைகள் பலவும் அழகுக்காக அதைத் தட்டின் முதுகில் போட்டுக்கொண்டன. அரண்மனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வயதைச் சொல்வது ‘இங்கிலாந்து’ என்ற அந்த ஒரு சொல். 1890-ல் அமெரிக்கா போட்ட சுங்கச் சட்டப்படி, 1891 முதல் அங்கே இறங்கும் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றானது. நாட்டுப் பெயர் வழக்கமாகத் தலைகாட்டுவது அதற்கப்புறம்தான். மகாராணி காலமானது 1901-ல். ஆக, உங்கள் பாட்டியின் தட்டு அந்தப் பத்து வருஷத்துக்குள் செய்ததாக இருந்தால் விக்டோரியா காலம். இல்லையென்றால் அவர் மகன் காலம் அல்லது அதற்கும் பின்னால். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று நீட்டி எழுதியிருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு.

இனி அவருடைய ஜோடியைத் திருப்புங்கள். சாய்சதுர முத்திரை இருந்தால், அந்தச் சித்திரத்தை 1842-க்கும் 1883-க்கும் நடுவில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 1884-லிருந்து சாய்சதுரம் போய் வெறும் எண் வந்தது. இரண்டும் சித்திரம் பதிவான தேதியைத்தான் சொல்லும். தட்டு அதற்குப் பல வருஷம் கழித்தும் சூளையிலிருந்து வந்திருக்கலாம். இரண்டு தட்டின் முதுகும் இரண்டு கதை சொன்னால் அது ஜோடி இல்லை, கல்யாணம் பண்ணி வைத்தது.

பூவையும் உற்றுப் பாருங்கள். செப்புத் தகட்டில் வெட்டிய சித்திரத்தை மெல்லிய தாளில் மை ஒற்றி எடுத்து, தாளைத் தட்டில் அழுத்தித் தேய்த்துப் பதிப்பார்கள். கொடியைச் சுற்றிக்கொண்டே வந்தால் எங்காவது ஒரு இலை பாதியில் அறுந்து அடுத்த இலைமேல் ஏறி நிற்கும். தாள் ஒட்டுப்போட்ட இடம் அது. எனக்கு அந்தத் தப்பு ரொம்பப் பிடிக்கும். நீலம் கலங்கி வெளியே கசிந்திருந்தால் அதுவும் பழுதில்லை; கோபால்ட் நீலம் பரவட்டும் என்று வேண்டுமென்றே சூளைக்குள் மருந்து வைத்துச் சுட்டார்கள்.

கேள்வி: அயர்ன்ஸ்டோன் என்றால் இரும்பு கலந்ததா? காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.
— மாணவர், யாங்கூன்

பதில்: காந்தம் வைத்துப் பார்த்ததற்கே ஒரு சபாஷ், தம்பி. இங்கிலாந்துப் பீங்கான் பட்டறைக்காரர் சார்லஸ் ஜேம்ஸ் மேசன் 1813-ல் இதன் செய்முறைக்குக் காப்புரிமை வாங்கியபோது, அதில் இரும்புக்கல் கசடும் சேரும் என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் பெயரில் இருந்த இரும்பு தட்டில் இருந்ததில்லை. உறுதியானது என்று சொல்லி விற்கத்தான் அந்தப் பெயர். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார், பின்னால் இருக்கும் விரல் தெரியாது. நல்ல சீனப் பீங்கான் என்றால் நிழலாவது தெரியும்.

கேள்வி: என் தட்டில் கீறல் வழியாகப் பழுப்புக் கறை ஏறியிருக்கிறது. துணி வெளுக்கும் மருந்தில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, தட்டோன்

பதில்: வேண்டாம். 1964-ல் கடைகளைப் பர்மா அரசு எடுத்துக்கொண்டபோது, எங்கள் தெருவில் பாதிப் பேர் மெட்ராசுக்குக் கப்பலேறினார்கள். கொண்டுபோக முடியாததை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படி என் அம்மாவிடம் வந்து சேர்ந்தவை ஆறு தட்டுகள். ஓரத்தில் இளஞ்சிவப்புப் பூ. கொடுத்த அக்கா திரும்பி வந்தால் தர வேண்டும் என்று அம்மா ஒன்றில்கூடச் சாப்பிட்டதில்லை.

அம்மாவுக்குப் பின், கறை போகட்டும் என்று அதில் ஒன்றை நான் வெளுப்பு மருந்தில் இரண்டு நாள் போட்டேன். வெள்ளை வெளேரென்று வந்தது. நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டேன். அடுத்த மழைக்காலம் முடிந்து பார்த்தால் பளபளப்பு பொடுகு மாதிரி உதிர்கிறது, பூவோடு சேர்த்து. கீறல் வழியே உள்ளே போன உப்பு காய்ந்து படிகமாகி, மேல்பூச்சைத் தள்ளிவிட்டது. இப்போது ஐந்துதான் முழுசாக இருக்கின்றன.

எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே இறங்கிப் பழுப்பானதுதான் உங்கள் கறை. முதலில் ஒரு நாள் வெறும் தண்ணீரில் ஊறட்டும். அப்புறம் மருந்துக்கடையில் கிடைக்கும் மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கவிட்டு, மூடி வைத்துச் சில நாள் பொறுங்கள். எடுத்தபின் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி நிழலில் உலர்த்துங்கள். தங்க ரேகையோ, விரலுக்குத் தடிப்பாகத் தட்டுப்படும் வர்ணமோ இருந்தால் அதுவும் கூடாது. கறையோடே இருக்கட்டும்.

கேள்வி: விருந்தாளி வந்தால் இந்தத் தட்டில் மொஹிங்கா (பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ்) பரிமாறலாமா?
— அதே வாசகி

பதில்: பழைய மேல்பூச்சில் ஈயம் இருக்கும், புளிப்பு பட்டால் கரைந்து வரும். எலுமிச்சை பிழியாமல் மொஹிங்கா சாப்பிடுகிற விருந்தாளியை நான் இன்னும் பார்க்கவில்லை. எவர்சில்வர் கிண்ணத்தை எடுங்கள், அம்மா.