ரத்த அழுத்தம் சரியாக இருந்தும் ஷாக்கா?

கேள்வி: விபத்தில் அடிபட்டவருக்கு ரத்த அழுத்தம் 110/90 இருந்தது. ஆனாலும் ‘ஷாக்’ என்றார் மருத்துவர். எப்படி?

பதில்: உறுப்புகளுக்குத் தேவையான ரத்தமும் ஆக்சிஜனும் போய்ச் சேராத நிலைதான் ஷாக். ரத்த அழுத்தம் விழுவது அதன் தாமதமான அடையாளம். ரத்தம் குறைந்ததும் உடல், தோலுக்கும் குடலுக்கும் போகும் நாளங்களைச் சுருக்கி, இதயத்தை முடுக்கி, மூளையைக் காப்பாற்றப் பார்க்கும். பெரியவர்களின் உடலில் உள்ள சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் ஒரு லிட்டர் போன பிறகும் மேல் அளவு அப்படியே நிற்கலாம். கீழ் அளவையும் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி 20 தான். சாதாரணமாக 40 இருக்கும். இந்தச் சுருக்கமே எச்சரிக்கை.

கருவியை நம்புவதைவிடக் கையை நம்பலாம் என்பேன். சில்லிட்டு வியர்த்த தோல், வேகமான மெல்லிய நாடி, குறைந்துபோன சிறுநீர். விரல் நுனியை 5 விநாடி அழுத்திவிட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நோயாளி எரிந்து விழுந்தாலோ உளறினாலோ ‘பயந்துவிட்டார்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பல நேரங்களில் அது மூளைக்கு ரத்தம் போதாததன் அறிகுறி. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி வேகம் கூடாமலே போகலாம்.

கேள்வி: தண்ணீர் கொடுக்கலாமா? காலைத் தூக்கி வைக்கலாமா?

பதில்: தண்ணீர் வேண்டாம், வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். மல்லாக்கப் படுக்க வையுங்கள், ரத்தம் கசியும் இடத்தை விடாமல் அழுத்துங்கள், போர்த்துங்கள். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது கெடும். காலை உயர்த்துவதால் கிடைப்பது சில நிமிடப் பலன்தான். இடுப்பு, முதுகெலும்பு, காலில் அடி இருந்தால் அதுவும் கூடாது. மூச்சுத் திணறுபவரைப் படுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: சலைன் ஏற்றினால் எல்லா ஷாக்கும் சரியாகிவிடுமா?

பதில்: இல்லை. மாரடைப்பால் இதயம் தளர்ந்திருக்கும்போது சலைனை அள்ளி ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். நெஞ்சுக்குள் காற்று அடைத்து இதயத்தை நெருக்கினால் காற்றை வெளியேற்றுவதுதான் வைத்தியம். கிருமித்தொற்றால் வரும் ஷாக்கில் சலைனோடு ஆன்டிபயாடிக்கும் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும். அதில் நாளங்கள் விரிந்துவிடுவதால் தொடக்கத்தில் தோல் கதகதப்பாகவே இருக்கலாம்; ஏமாற வேண்டாம்.

கேள்வி: ஊசி மருந்து ஒவ்வாமையால் ஒருவர் மயங்கினால்?

பதில்: தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம். அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. கொஞ்சம் தெளிந்ததும் எழுப்பி நிற்க வைக்காதீர்கள். அந்த நொடியில் இதயம் நின்றுபோனவர்கள் உண்டு.

கேள்வி: குழந்தைக்கு டெங்கு. காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் துவண்டு கிடக்கிறாள்.

பதில்: உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். டெங்குவில் ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து ஷாக் வருவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாட்களில்தான். குழந்தைகளின் ரத்த அழுத்தம் கடைசிவரை தாக்குப்பிடித்துத் திடீரென்று சரியும். வயிற்றுவலி, விடாத வாந்தி, சில்லிட்ட கைகால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதது ஆகியவற்றில் எது இருந்தாலும் போனதும் முதலில் அதைச் சொல்லுங்கள்.