வங்கி வெட்டிய வரியும் வராத பின் நம்பரும்

கேள்வி: நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கும் ஓர் ஆசிரியை. 2024 இல் எல்லோரும் டின் நம்பர் (வரி செலுத்துவோர் அடையாள இலக்கம்) எடுக்க ஓடியபோது, நானும் ஒரு கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து எடுத்துக்கொண்டேன். இப்போது வருமான வரி ரிட்டர்னை ஒன்லைனில் போட முயன்றால் தளத்துக்குள் நுழைவதற்கான பின் நம்பர் (இரகசிய இலக்கம்) ஒரு வாரமாக வரவில்லை. பிறகு பார்த்தால் அது கடைக்காரத் தம்பியின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அதை வாங்கி உள்ளே போனால், பாதிப் படிவத்தில் வெளியே தள்ளிவிடுகிறது. இரண்டு முறை முதலிலிருந்து நிரப்பினேன். கடைசியில் 2,160 ரூபா கட்டு என்கிறது. என் சம்பளம் மாதம் 90,000, மேல்மாடியை வாடகைக்கு விட்டதில் மாதம் 60,000 வருகிறது. நிலையான வைப்பு வட்டியாக ஆண்டுக்கு 216,000 கணக்கில் விழுந்தது. அந்த வட்டியில் வங்கி ஏற்கெனவே வரி வெட்டிவிட்டதே, இன்னும் ஏன் கட்ட வேண்டும்?

பதில்: ரீச்சர், நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. உங்களுக்குத்தான் காசு திரும்பி வரவேண்டும். அந்த 2,160 என்ற எண்ணைப் பார்த்ததுமே எங்கே பிழைத்தது என்று பிடிபட்டுவிட்டது.

வட்டிக்கான கட்டத்தில் 216,000 என்று போட்டிருப்பீர்கள். அது வங்கி வரியைக் கழித்த பிறகு கையில் வந்த தொகை. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் வெட்டப்படும் வரி 10 சதவீதம். ஆகவே உண்மையான வட்டி 240,000, வெட்டியது 24,000. படிவத்தில் எழுதவேண்டியது இந்த முழு 240,000 தான். வெட்டிய 24,000ஐ, ஏற்கெனவே கட்டிய வரி என்று வேறொரு இடத்தில் காட்ட வேண்டும். முதல் இடத்தில் குறைத்துப் போட்டு, இரண்டாவது இடத்தை வெறுமையாக விட்டால் நீங்கள் சொன்ன அதே 2,160 தான் வரும்.

சரியான கணக்கு இப்படி வரும். சம்பளம் 1,080,000, வாடகை 720,000, வட்டி 240,000. கூட்டினால் 2,040,000. வாடகை வருமானத்தில் 25 சதவீதம், அதாவது 180,000 நிவாரணமாகக் கழியும். 2025/26 வரி ஆண்டுக்கான தனிநபர் நிவாரணம் 1,800,000. இரண்டும் போக மிஞ்சுவது 60,000. முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம் என்பதால் வரி 3,600. வங்கி வெட்டியதோ 24,000. மிகுதி 20,400 உங்களுடையது. அதை மீளப்பெறக் கோரலாம்.

இதற்கு வங்கி தரும் வரிப் பிடித்தச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தில் உள்ள பதிவைக் காட்டினால் போதாது. சான்றிதழை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் மூன்றைப் பாருங்கள்: உங்கள் டின் நம்பர், அடையாள அட்டை இலக்கம், பெயர். என்னிடம் வந்த ஒருவரின் சான்றிதழில் டின் நம்பரே இல்லை. வைப்பு வைத்தபோது அவருக்கு டின் கிடையாது, பிறகு அவரும் போய்க் கொடுக்கவில்லை, வங்கியும் கேட்கவில்லை. பெயரில் நம்மவர்களுக்கு வரும் சிக்கல் இன்னும் பெரிது. கல்யாணத்துக்கு முன் தகப்பனாரின் முதலெழுத்து, பிறகு கணவருடையது. பாடசாலைச் சம்பளப் பட்டியலில் ஒன்று, வங்கியில் இன்னொன்று. ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் 'எச்' கூடினாலும் குறைந்தாலும் கணினிக்கு அது வேறு ஆள். அடையாள அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் மாற்றச் சொல்லுங்கள். பழைய அட்டையின் ஒன்பது இலக்கமும் 'வி' எழுத்தும் வங்கியில் கிடக்க, டின் பதிவில் புதிய பன்னிரண்டு இலக்கம் இருந்தால் அதையும் சொல்லித் திருத்திவிடுங்கள்.

அடுத்தது பின் நம்பர். கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். ஆனாலும் உங்கள் சம்பளம், காணி, வைப்பு எல்லாவற்றுக்குமான சாவி இன்னொருவருடைய மின்னஞ்சலில் கிடப்பது சரியில்லை. 2024 ஜனவரி முதல் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் பதிய வேண்டும் என்று வந்தபோது, மின்னஞ்சல் இல்லாதவர்கள் பலர் கடையின் முகவரியையே கொடுத்துவிட்டார்கள். உங்கள் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறகு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழைத்து, பதிந்த மின்னஞ்சலையும் போன் நம்பரையும் மாற்றும் வழியைக் கேளுங்கள். நேரில் போகச் சொன்னால் அடையாள அட்டையோடு போங்கள். அது முடிந்ததும் புதிய பின் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பழையது இனி வேண்டாம்.

பாதியில் வெளியே தள்ளுவது பற்றி. கொஞ்ச நேரம் எதுவும் தட்டாமல் இருந்தால் இப்படியான தளங்கள் பாதுகாப்புக்காக மூடிக்கொள்ளும். நீங்கள் எழுந்து அலுமாரியில் காணி உறுதியைத் தேடிய நேரம் அதற்குப் போதும். ஆகவே திரைக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்காதீர்கள். ஒரு தாளில் எல்லாத் தொகையையும் எழுதி, கூட்டிக் கழித்து, விடையையும் எழுதிய பிறகு உள்ளே போங்கள். பிறகு தட்டச்சு மட்டும்தான். சேமிக்கும் பொத்தான் தெரியும் இடத்திலெல்லாம் அழுத்துங்கள். பின்னுக்குப் போகும் அம்புக்குறியைத் தொட வேண்டாம். போனில் செய்வதை விட மடிக்கணினி நல்லது, எண்களைப் பார்த்துச் சரிபார்க்கலாம்.

அதிக நேரம் இழுப்பது சொத்து விபரம்தான். மார்ச் 31 அன்று வங்கிக் கணக்குகளில் என்ன மீதி இருந்தது, வாகனம், காணி, கடன் எல்லாம் கேட்பார்கள். சீதனமாகக் கிடைத்த வீடு என்றால் உறுதியில் உள்ள திகதியையும் பெறுமதியையும் எடுத்து வையுங்கள். அதற்கு நீங்கள் காசு கொடுக்கவில்லை என்பதால், நன்கொடையாகக் கிடைத்தது என்று காட்டுங்கள். இன்றைய உவர்மலைக் காணி விலையை ஆசையாகப் போட்டுவிடாதீர்கள், பிறகு அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

2025/26க்கான ரிட்டர்னின் கடைசி நாள் 2026 நவம்பர் 30. தாமதித்தால் அபராதம் உண்டு, கட்ட வரி மீதி இல்லைத்தானே என்று நம்பித் தாமதிக்க வேண்டாம். நவம்பர் இறுதியில் நம்மூரில் வாடைக்காற்று மழை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. கடைசி வாரத்தில் நாடே ஒன்றாகத் தட்டும். ஒக்டோபரில் ஒரு ஞாயிறு காலை, தேத்தண்ணியோடு உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

ஒரு கிளைச் செய்தி. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர்கள் வங்கிக்கு ஒரு சுய பிரகடனம் கொடுத்து, வட்டியில் வரி வெட்டாமல் தடுக்கலாம். உங்கள் மொத்தம் அதைத் தாண்டுவதால் உங்களுக்குச் சரிவராது. ஆனால் வீட்டில் உங்கள் அம்மாவின் பெயரில் வைப்பு இருந்து, வேறு வருமானம் இல்லை என்றால், அவருக்கு அது பயன்படும். அவருக்கும் டின் நம்பர் வேண்டும்.

ரிட்டர்னைச் சமர்ப்பித்ததும் வரும் ஒப்புகையைச் சேமித்து, உங்கள் புதிய மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு பிரதி எடுக்க வேண்டும் என்றால் கடைக்காரத் தம்பியிடமே கொடுக்கலாம், அந்த ஒரு தாளை மட்டும்.