உணவுக்குழாயை வெட்டி எடுத்த பிறகு வாயால் சாப்பிட முடியுமா? இது பழகிய ஆபரேஷனா, இல்லை சோதனை முயற்சியா?

முடியும். என் அப்பா சாப்பிடுகிறார்.

உங்கள் வீட்டிலும் யாருக்கோ ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருப்பார்கள், நீங்கள் தூக்கம் வராமல் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கடலூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். 'கூகுள் டாக்டர் வந்துட்டார்' என்று சொல்ல நினைப்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அப்பா மஞ்சக்குப்பத்தில் இட்லிக் கடை வைத்திருந்தார். "நெஞ்சுல நிக்குதுடா" என்றபோது கேஸ்தான் என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்தோம். மூன்று மாதம் அப்படியே போனது. முதலில் இட்லி இறங்கவில்லை, பிறகு குழைந்த சோறு, கடைசியில் கஞ்சி மட்டும். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. பாண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கீமோ, ரேடியேஷன் முடித்து ஆபரேஷன் என்றார்கள். (எல்லாருக்கும் இதே வரிசை இருக்காது. உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.)

டாக்டர் ஸ்கேன் கவரின் பின்பக்கம் படம் போட்டார். குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையையே நீளமாகக் குழாய் மாதிரி தைத்து, நெஞ்சுக்குள் மேலே இழுத்துக் கழுத்தில் இணைப்பார்களாம். அம்மா கேட்டார்: "அப்ப சாப்பிட்டது எங்க போயி தங்கும்?" டாக்டரே சிரித்துவிட்டார்.

வார்டு வராந்தாவில் உட்கார்ந்து இதன் பழைய கதையெல்லாம் படித்தேன். குடலுக்கு வெளியே ஒரு உறை இருக்கிறது, தையல் பிடிக்கும். உணவுக்குழாய்க்கு அது கிடையாது. இதயமும் நுரையீரலும் பக்கத்திலேயே வேறு. 1877-இல் செர்னி என்பவர் கழுத்துப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தார். நெஞ்சைத் திறந்தால் நுரையீரல் சுருங்கிவிடும் என்பதால் கழுத்துக்குக் கீழே போகப் பயந்தார்கள். 1904-இல் ஜெர்மனியில் சவர்புருக், தலை மட்டும் வெளியே தெரிய நோயாளியைக் காற்றழுத்தம் குறைத்த அறைக்குள் படுக்கவைத்து, நுரையீரல் சுருங்காமல் நெஞ்சைத் திறக்க வழி பண்ணினார்.

1913-இல் நியூயார்க்கில் டோரெக் 67 வயது அம்மா ஒருவருக்கு நெஞ்சு வழியாகவே குழாயை எடுத்தார். திரும்ப இணைக்கவில்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் உடம்புக்கு வெளியே சேர்க்க ஒரு ரப்பர் குழாய். மென்று விழுங்கியது அதன் வழியாக இறங்கும். அந்த அம்மா அப்படியே 13 வருஷம் வாழ்ந்தார்!

அப்பாவுக்கு வயிற்று டியூபில் கஞ்சி சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது. "நாக்குல ஒரு சொட்டு வத்தக்குழம்பு தொட்டு வைடா" என்று கெஞ்சினார். நான் வைக்கவில்லை. ரப்பர் குழாய் அம்மாவுக்காவது ருசி தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இன்றுவரை அப்பா அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இரைப்பையை நெஞ்சுக்குள்ளேயே இணைப்பதை 1933-இல் ஜப்பானில் ஒசாவா செய்தார். 1946-இல் ஐவர் லூயிஸ் என்பவர் வயிறு, வலப்பக்க நெஞ்சு என்று இரண்டு இடத்தில் திறந்து செய்வதை முறைப்படுத்தினார். அப்பாவுக்குச் செய்தது கழுத்தையும் சேர்த்து மூன்று இடம், 1976-இல் மெக்கியூன் சொன்ன முறை. அதனால் சோதனை முயற்சி என்று பயப்படாதீர்கள். பெரிய ஆபரேஷன்தான், அதை மறைக்கவில்லை. எட்டாம் நாள் கழுத்துத் தையல் கசிந்து எச்சில் வெளியே வந்தது. நெஞ்சில் கசிவதைவிடக் கழுத்தில் கசிவது எவ்வளவோ மேல் என்றார்கள். தானாகவே அடைத்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அப்பாவுக்குச் சிகிச்சை நடந்த மாதங்களில் "பாண்டிக்குப் போறேன்" என்று லீவு கேட்டால் கடையில் கண் சிமிட்டுவார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் "நமக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்பார். பையில் இருந்ததோ ரிப்போர்ட்டும் ஃபிளாஸ்கும். பாண்டி என்றாலே பாட்டில்தானா? அங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தினம் எத்தனை பேர் போகிறார்கள்!

சரி, உங்கள் கேள்வி. ஒரு வேளைக்கு இரண்டு இட்லிக்கு மேல் போகாது, நாளைக்கு ஆறு வேளை. இனிப்பான காபி குடித்தால் அப்பாவுக்குப் படபடத்து வியர்க்கும். மட்டமாகப் படுத்தால் சாப்பிட்டது தொண்டைக்கு வந்துவிடும், அதனால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்திருக்கிறோம். கடையை இப்போது தம்பி பார்க்கிறான். காலையில் முதல் ஈடு இட்லியைப் பிட்டு வாயில் போட்டு, உப்பு பத்தலை என்று சொல்வது மட்டும் இன்னும் அப்பாதான்.