எய்லி குழு: மதியக் காட்சியா, மாலைக் காட்சியா?

வணக்கம். சனிக்கிழமை இரண்டு காட்சி இருக்கிறது, எட்டு வயது மகளோடு 'ரெவலேஷன்ஸ்' நடனம் பார்க்க எதற்கு டிக்கெட் எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். அதை ஆடும் அமெரிக்காவின் ஆல்வின் எய்லி நடனக் குழு சுற்றுப்பயணத்தில் காட்சிக்குக் காட்சி நிரலை மாற்றுவது உண்டு. அரங்கத்தின் இணையதளத்தில் அந்தந்தக் காட்சிக்கு என்னென்ன படைப்புகள் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். 1960இல் அரங்கேறிய 'ரெவலேஷன்ஸ்' சுமார் 36 நிமிடம். பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதற்குள் பிள்ளை தூங்கிவிட்டால் போச்சு! இரண்டிலும் இருந்தால் மதியமே சரி.

அப்புறம், முதல் வரிசை வேண்டாம். நீலமும் வெள்ளையுமான நீளத் துணிகளை மேடைக்குக் குறுக்கே அசைத்து ஓடும் ஆறாகக் காட்டும் இடம் மாடியிலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும்.