ஏழாம் பக்கத்தில் வரும் படகோட்டி

கேள்வி: சில ஆண்டுகளாக அறிவியல் புனைகதைகள் எழுதி வருகிறேன். உங்கள் இதழ் உட்பட எங்கே அனுப்பினாலும் திரும்பி வந்துவிடுகின்றன. தமிழ் வாசகர்களுக்கு இவ்வகைக் கதைகள் பிடிப்பதில்லை என்பதுதானே காரணம்? வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத்தில் இறங்கினால் நிலைமை மாறுமா?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: பழியை வாசகர்மீது போடாதீர்கள். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஜீனோ என்ற இயந்திர நாயைக் கொண்டாடியவர்கள் இதே தமிழ் வாசகர்கள்தாம்.

நீங்கள் கடைசியாக அனுப்பிய கதையையே எடுத்துக்கொள்வோம். கடல் புகுந்துவிட்ட எதிர்காலச் சென்னை என்பது நல்ல களம்தான். ஆனால், முதல் ஆறு பக்கங்களிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தின் குழாய் விட்டம், அழுத்தம், அதை வடிவமைத்த விஞ்ஞானி வாங்கிய பட்டங்கள் ஆகியவையே நிறைந்திருக்கின்றன. ஏழாம் பக்கத்தில்தான் ஒரு படகோட்டி வருகிறார். மூழ்கிய தம் வீட்டின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் படகைக் கட்டிவிட்டு, ஈரத்துணியைப் பிழிந்து காயப்போடுகிறார். அந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த பத்தியிலேயே இயந்திரம் திரும்ப வந்துவிட்டது. இறுதியில் எல்லாம் கனவு என்று முடித்திருக்கிறீர்கள். (எங்களுக்கு வரும் எதிர்காலக் கதைகள் பலவும் அலாரம் அடித்தே முடிகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் ‘கின்ட்ரெட்’ நாவல் 1979இல் வெளிவந்தது. 1976ஆம் ஆண்டுக் கலிஃபோர்னியாவில் வாழும் டானா என்ற கறுப்பினப் பெண், அடிமைமுறை நிலவிய காலத்து மேரிலாந்துப் பண்ணை ஒன்றுக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். எந்த விசை அவளை இழுக்கிறது என்பதைப் பட்லர் கடைசிவரை விளக்கவில்லை. ஆனால் நிபந்தனைகள் கறாரானவை. அவளுடைய மூதாதையான வெள்ளைக்காரன் ஒருவனின் உயிருக்கு ஆபத்து நேரும்போது அவள் போயாக வேண்டும். தன் உயிர் போய்விடும் என்று அஞ்சும்போதுதான் அவளால் திரும்ப முடியும். உடம்போடு ஒட்டியிருப்பது மட்டுமே கூட வரும் என்பதால், ஆஸ்பிரினும் கத்தியும் அடங்கிய பையைத் தன்னோடு கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். அந்தப் பையைப் படித்த பிறகு காலப்பயணம் சாத்தியமா என்று எந்த வாசகரும் கேட்பதில்லை. பட்லர் விளக்கத்தைத் தவிர்த்ததைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் பேருந்தில் மேரிலாந்துக்கே போய் ஊரைப் பார்த்தவர், அடிமைகளாக இருந்தவர்கள் எழுதிய தன்வரலாறுகளைத் தேடிப் படித்தவர். அந்த உழைப்பு முழுவதும் பண்ணையில் வேலை செய்பவர்களின் முதுகுக்கும் வயிற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. உங்கள் உழைப்போ குழாய் விட்டத்தோடு நின்றுவிட்டது. படகோட்டிக்கு ஒரு நாளைக்கு எத்தனை குடம் நல்ல தண்ணீர் கிடைக்கிறது, இன்னொரு குடத்துக்காக அவர் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பவை தெரிந்தால், அந்த ஆறு பக்கங்களையும் நீங்களே அடித்துவிடுவீர்கள்.

வேலையை விடுவது பற்றிய கேள்விக்கும் பட்லரின் வாழ்க்கையிலேயே விடை இருக்கிறது. 1970இல் கிளாரியன் எழுத்துப் பட்டறையில் கலந்துகொண்ட கையோடு அவருடைய இரண்டு கதைகள் விலைபோயின. அதன்பின் ஐந்தாண்டுகள் எதுவும் விற்கவில்லை. பாத்திரம் கழுவுவது, தொலைபேசியில் பொருள் விற்பது, உருளைக்கிழங்கு வறுவலைத் தரம் பார்ப்பது என்று கிடைத்த வேலைகளையெல்லாம் செய்துகொண்டு, அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதினார். முதல் நாவல் 1976இல்தான் வந்தது. சுஜாதாவும் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபடியேதான் எழுதிக் குவித்தார். ஆகவே ராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்கு எழுத வேண்டாம். தமிழில் ஒரு சிறுகதைக்குக் கிடைக்கும் சன்மானம், எங்கள் இதழ் தருவதையும் சேர்த்தே சொல்கிறேன், ஒரு மாத மளிகைக்குக் காணாது.